போர்க்காலத் துணி பேட்ஜ்: எங்கே செய்தது, எப்படிச் செய்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பழைய டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்தோ, பழம்பொருள் கடையின் கண்ணாடி அலமாரியிலிருந்தோ உள்ளங்கையில் பாதி அளவுக்கு ஒரு துணித் துண்டு கைக்கு வருகிறது. மஞ்சள் பின்னணியில் கறுப்புப் பூனை. படத்தை வைத்துத் தேடினால் பெயர் உடனே கிடைத்துவிடும்: பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் 17-வது டிவிஷன், பர்மா போர்முனை. அடுத்த கேள்விதான் கடினமானது. இதைச் செய்தது யார்? இங்கிலாந்தின் ஆலையா, வட இந்தியக் கடைத்தெருவில் உட்கார்ந்திருந்த தையல்காரரா, போன வருடம் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் வாங்கிப் போட்ட யாரோ ஒருவரா?

அதற்கான பதில் படத்தில் இருக்காது. நூலில் இருக்கும், துணியில் இருக்கும், வெட்டிய விளிம்பில் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாகப் பின்பக்கத்தில் இருக்கும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ், இந்திய, காமன்வெல்த் படைகள் சட்டைக் கையில் தைத்துக்கொண்ட சின்னங்களை வைத்து இதை விளக்குகிறோம். மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையின் கம்பெனிகள் ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் பர்மாவிலும் இந்திய டிவிஷன்களோடு இருந்தன. 1944 முதல் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் கண்டியில் இயங்கியது. ஆகவே தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஏதாவது ஒரு வீட்டுப் பெட்டியில் கிடைக்க வாய்ப்புள்ளவை இந்தச் சின்னங்கள்தான்.

ஒரே சின்னம், ஏன் இத்தனை விதம்?

டிவிஷன், கோர், ஆர்மி போன்ற பெரிய படை அமைப்புகளுக்கான அடையாளம் இது. ஆங்கிலத்தில் ஃபார்மேஷன் சைன் என்பார்கள். நம் ஆள் என்று நமக்குத் தெரிய வேண்டும், எந்த டிவிஷன் என்று எதிரிக்குத் தெரியக் கூடாது; அதனால் பெயரும் எண்ணும் பெரும்பாலும் இருக்காது. 4-வது இந்திய டிவிஷனுக்குச் சிவப்புக் கழுகு, 23-வதுக்குச் சண்டைச் சேவல், 19-வதுக்குக் குத்துவாள் பிடித்த கை, 25-வதுக்கு இஸ்பேட் ஏஸ், 81-வது மேற்கு ஆப்பிரிக்க டிவிஷனுக்குச் சிலந்தி.

1940-ன் பிற்பகுதியில் பிரிட்டிஷ் ராணுவம் இவற்றைச் சீருடையில் தைக்க அனுமதித்தது. தேவை எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டிவிஷனில் 15,000 பேர் என்று வைத்துக்கொண்டாலும், இரண்டு கைகளுக்கு 2, மாற்றுச் சட்டைக்கும் சேர்த்தால் ஆளுக்கு 4. ஒரு டிவிஷனுக்கே 60,000 சின்னங்கள். படை கண்டம் விட்டுக் கண்டம் போகும். ஸ்டோரில் இருப்பு தீர்ந்துவிடும். அப்போது கெய்ரோ கடைத்தெருவிலும் இத்தாலிய நகரங்களிலும் இந்திய கன்டோன்மென்ட் தையல்கடைகளிலும் ஆர்டர் கொடுத்தார்கள். இப்படிப் போர்முனைப் பகுதியிலேயே செய்ததை சேகரிப்பாளர்கள் ‘தியேட்டர் மேட்’ என்பார்கள். இங்கே தியேட்டர் என்றால் போர் அரங்கு. அவை அசல்தான். ஸ்டோரிலிருந்து வந்ததைப் போல இல்லை என்பதற்காக ஒரு சின்னத்தைப் போலி என்று ஒதுக்கிவிடக் கூடாது. புதிதாக வருகிறவர்கள் அதிகம் தடுக்கி விழுகிற இடம் இது.

இதே மாதிரி இன்னொன்று. விலங்கு உருவம் உள்ள சில சின்னங்கள் ஜோடியாக, ஒன்று இடம் பார்த்தும் மற்றது வலம் பார்த்தும் இருக்கும். எந்தக் கையில் தைத்தாலும் விலங்கின் முகம் முன்னோக்கி இருக்க வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்தார்கள். 11-வது கவசப்படை டிவிஷனின் கறுப்புக் காளை நல்ல உதாரணம். புத்தகப் படத்துக்கு எதிர்ப்பக்கம் பார்க்கிறது என்பதால் மட்டும் அதைச் சந்தேகிக்க வேண்டாம்.

கையில் எடுத்ததும் திருப்புங்கள்

தேவையான கருவிகள் கொஞ்சம்தான்: 10 மடங்கு பெருக்கும் சிறிய லென்ஸ், மில்லிமீட்டர் ஸ்கேல், சாய்த்துப் பிடிக்க ஒரு டார்ச், ஒரு ட்வீசர், ஒரு புற ஊதா டார்ச். புற ஊதா டார்ச்சில் 395 நானோமீட்டரைவிட 365 நல்லது. 395 டார்ச் கண்ணுக்குத் தெரியும் ஊதா வெளிச்சத்தையும் சேர்த்துக் கொட்டும். மங்கலான ஒளிர்வு அதில் மறைந்துபோகும்.

முன்பக்கத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு உடனே திருப்பிவிடுங்கள். போலி செய்கிறவர் கவனத்தையெல்லாம் முகத்தில்தான் வைத்திருப்பார். விற்பனைக்குப் போடுகிற படமும் அதுதான். எந்த மெஷின், எந்த நூல், நூல் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது, எந்த அடித்துணி என்பதெல்லாம் முதுகில் தெரியும். பின்பக்கப் படம் இல்லாமல் ஆன்லைனில் வாங்கவே வேண்டாம்.

முதல் கேள்வி ‘எங்கே செய்தது’ என்பதல்ல, ‘எந்த முறையில் செய்தது’ என்பதுதான். முறை தெரிந்தால் இடம் பாதி தெரிந்த மாதிரி. முறையும் இடமும் சேர்ந்தால் காலம் தானாக நெருங்கி வரும்.

துண்டு வெட்டித் தைத்தவை

எல்லாவற்றிலும் எளிமையானது இது. ஒரு நிற ஃபெல்ட் அல்லது கம்பளித் துணியில் இன்னொரு நிறத்துண்டை வெட்டி வைத்துத் தைத்திருப்பார்கள். ஃபெல்ட்டும் நெய்த கம்பளியும் வேறு வேறு என்பதை இங்கே தெரிந்துகொள்ள வேண்டும். ஃபெல்ட்டில் பாவும் ஊடையும் கிடையாது. இழைகள் ஒன்றோடொன்று பின்னி அழுந்திய தகடு அது. நெய்த கம்பளியைத் துவைத்துச் சுருக்கி, மேலே ரோமம் எழுப்பியிருந்தாலும், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நெசவு தெரியும்.

கனடாவின் டிவிஷன் சின்னங்கள் வெறும் ஒற்றை நிறச் செவ்வகங்கள். அகலம் 3 அங்குலம், உயரம் 2 அங்குலம். முதல் டிவிஷனுக்குச் சிவப்பு, இரண்டாவதுக்கு நீலம், மூன்றாவதுக்குச் சாம்பல் நீலம், நான்காவதுக்குப் பச்சை, ஐந்தாவதுக்கு அரக்குச் சிவப்பு. இவற்றில் படம் என்று ஒன்றும் இல்லை. துணிதான் முழு சாட்சி. கம்பளி மிச்சம் பிடிக்கப் போரின் பிற்பகுதியில் கேன்லாத் என்ற பூச்சு ஏற்றிய கெட்டித் துணிக்கு மாறினார்கள். அதில் மடிப்பு விழுந்த இடத்தில் பூச்சு வெடித்திருக்கும். சிவப்புச் செவ்வகம் ஒன்றைச் செய்ய யாராலும் முடியும் என்பதால், நீங்களும் எளிதில் ஏமாறக்கூடிய வகை இது. இன்றைய கைவினைக் கடை ஃபெல்ட் பெரும்பாலும் செயற்கை இழை. லென்ஸில் பார்த்தால் கம்பளி இழை சற்றுச் சுருண்டு, தடிமன் ஏறி இறங்கித் தெரியும். செயற்கை இழை ஒரே தடிமனில் வழவழவென்று பளபளக்கும்.

ஆஸ்திரேலியச் சின்னங்களும் இப்படி நிறத்துண்டுகள்தான். முதல் உலகப் போரின் நிறங்களையே இரண்டாவதிலும் வைத்துக்கொண்டார்கள். வேறுபாடு தெரிவதற்காக இரண்டாவது போரில் கடல்கடந்து போன படைகளுக்குப் பின்னால் சாம்பல் நிறத் துணியைச் சேர்த்தார்கள். அந்தச் சாம்பல் ஓரம் ஒன்றே எந்தப் போர் என்று சொல்லிவிடும்.

மெஷின் எம்பிராய்டரி

கம்பளியின் மேல் மெஷின் போட்ட பூவேலை. சுவிட்சர்லாந்தில் ஐசக் க்ரோப்ளி 1863-ல் உருவாக்கிய ஷிஃப்லி மெஷினின் வழிவந்தவை இந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்தன. நீண்ட சட்டத்தில் நூற்றுக்கணக்கான ஊசிகள். மேலே ஒரு நூல், கீழே படகு போன்ற சின்ன ஷட்டிலில் இன்னொரு நூல். வீட்டுத் தையல் மெஷினின் பாபின் நூல் செய்கிற வேலைதான் அது. கையால் இயக்கும் ஷிஃப்லியில், 6 மடங்கு பெரிதாக வரைந்த படத்தின் மேல் இயக்குபவர் ஒரு முனையை நகர்த்திக்கொண்டே போவார். சட்டம் அதே அசைவைச் சிறிதாக்கி நகரும்.

இதனால் கண்ணுக்குத் தெரியும் விளைவுகள் உண்டு. முதுகில் கீழ்நூலின் நிறம் தனியாகத் தெரியும், பெரும்பாலும் வெள்ளை அல்லது கறுப்பு. தோள்பட்டைப் பெயர்ப்பட்டிகளில் ஓர் எழுத்திலிருந்து அடுத்த எழுத்துக்கு நூல் தாவிப் போயிருக்கும். தையலின் அடர்த்தி கொஞ்சம் ஏறி இறங்கும். நூல் பருத்தி அல்லது ரேயான்.

கம்ப்யூட்டர் மெஷின் போட்டது வேறு மாதிரி. தையல் நீளம் அச்சுப் பிசகாமல் ஒரே சீராக இருக்கும். மேல் தையலுக்கு அடியில், துணி சுருங்காமல் இருக்க, முதலில் ஒரு வலைத்தையல் ஓடியிருக்கும். நூல் பாலியஸ்டர், டார்ச்சைச் சாய்த்தால் கண்ணாடி மாதிரி மின்னும். முதுகில் காகிதம் போன்ற நெய்யாத வெள்ளைத் தாள், கிழித்த ஓரங்களோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இன்று ஆரி ஒர்க், மெஷின் எம்பிராய்டரி கடைகளில் ரவிக்கைத் துணிக்கு அடியில் வைக்கிற அதே தாள்தான். போர்க்காலத்தில் அடியில் வைத்தது மஸ்லின், சல்லடைத் துணி, சில சமயம் காகிதம்.

அமெரிக்கச் சின்னங்கள் இங்கே எளிய பாடம். 1918-ல் 81-வது டிவிஷனின் காட்டுப்பூனையிலிருந்து தொடங்கிய வழக்கம் அது. இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்கச் சின்னத்தில் பருத்தித் துணி முழுவதையும் நூல் மூடியிருக்கும். ஓரத்தை அப்படியே வெட்டியிருப்பார்கள். ஓவர்லாக் அடித்தது போல உருண்டு தடித்த விளிம்பு அமெரிக்கச் சின்னங்களில் பரவலானது 1960-களில். பின்னால் பிளாஸ்டிக் பூச்சோ, இஸ்திரி போட்டு ஒட்டும் பசையோ இருந்தால் அது இன்னும் பிந்தியது.

அச்சடித்தவை

கம்பளியும் நூலும் தட்டுப்பாடானதும், 1942 வாக்கில் பிரிட்டன் பருத்தித் துணியில் அச்சடித்த சின்னங்களுக்கு மாறியது. பார்க்க மலிவாகத் தெரியும். போர் வீரர்களில் பலர் விரும்பவில்லை, முடிந்தவர்கள் எம்பிராய்டரி செய்தவற்றைச் சொந்தக் காசில் வாங்கிக்கொண்டார்கள். சேகரிப்பவர்களும் இவற்றை ஒதுக்குவதுண்டு. எங்கள் கருத்து நேர்மாறானது. போரின் சிக்கனத்தை இவ்வளவு நேரடியாகக் காட்டும் பொருள் வேறு இல்லை. புதியவர் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வகையும் இல்லை.

ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பருத்தித் துணி, நெசவு வெறும் கண்ணுக்கே தெரியும். சாயம் முன்பக்கத்திலிருந்து இழைக்குள் இறங்கியிருக்கும்; முதுகில் படத்தின் மங்கலான நிழல் விழும். தாள் தாளாக அச்சடித்து வெட்டியதால், சின்னத்தைச் சுற்றி ஓர் ஓரம் விட்டிருப்பார்கள். தைக்கும்போது அந்த ஓரம் உள்ளே மடிந்துவிடும். அந்த மடிப்பைக் கிழிக்காமல் ட்வீசரால் மெல்லத் தூக்கிப் பாருங்கள். வெளியே வெயிலும் சலவையும் பட்டு வெளுத்திருக்க, மடிப்புக்குள் நிறம் புதிது போல இருக்கும். இரண்டுக்கும் நடுவே கோடு போட்டது மாதிரி எல்லை தெரியும். உடுத்திய சின்னத்தின் கையெழுத்து அது. டீத்தண்ணீரில் முக்கிப் பழசாக்கிய போலியில் மடிப்பின் உள்ளும் புறமும் ஒரே பழுப்பாக இருக்கும்.

முதுகில் மை முத்திரை இருக்கலாம். ‘காலிகோ பிரிண்டர்ஸ்’ என்ற பெயர் அடிக்கடி தென்படும். மான்செஸ்டரைச் சேர்ந்த காலிகோ பிரிண்டர்ஸ் அசோசியேஷனைக் குறிக்கிறது அது.

போலி அச்சை லென்ஸ் காட்டிக்கொடுக்கும். சிவப்பு என்று தெரிகிற இடம் லென்ஸில் பல நிறப் புள்ளிகளாகப் பிரிந்தால் அது டிஜிட்டல் பிரிண்ட். சாயம் இழைக்குள் இறங்காமல் மேலே தோல் மாதிரி ஒட்டியிருந்தால், டீ ஷர்ட்டுக்குச் சூடு வைத்து ஒட்டுகிற படம்.

இந்தியாவில் அச்சடித்தவையும் உண்டு. துணி இன்னும் முரடு, காடா துணியின் பிறவி என்று தொட்டதுமே தெரியும். நிறங்கள் ஒன்றின் மேல் ஒன்று சற்று விலகி விழுந்திருக்கும். இந்தக் குறைகளைப் பார்த்துப் போலி என்று நினைத்துவிடக் கூடாது. அவசரத்தில், கிடைத்த துணியில் செய்ததன் அடையாளம் அது.

தறியில் நெய்தவை

சட்டைக் காலரில் உள்ள பிராண்ட் லேபிளைப் பாருங்கள், அதே வேலைதான். துணியை நெய்யும்போதே ஜக்கார்டில் படமும் விழுந்துவிடும். மேலே தைத்தது எதுவும் இல்லை, தடவினால் தட்டையாக இருக்கும். பின்பக்கம் பட்டுச்சேலையின் முந்தானை முதுகு மாதிரி: முகத்தில் வராத நூல்கள் அங்கே மிதந்து ஓடும், படம் தலைகீழ் நிறத்தில் தெரியும். ஜெர்மனி இதில் கெட்டிக்கார நாடு; வுப்பர்டால் நகரத்தின் பெவோ நிறுவனத்தின் பெயரே இந்த வகைக்குப் பொதுப்பெயராகிவிட்டது. 1945-ல் போர் முடிந்ததும் அங்கே தங்கிய அமெரிக்க, பிரிட்டிஷ் படைகளுக்கு ஜெர்மன் தறிகள் சின்னம் நெய்து கொடுத்தன. அமெரிக்க டிவிஷன் சின்னம் ஒன்று ஜெர்மன் முறையில் நெய்திருந்தால், அதை ‘போர்க்காலம்’ என்று எழுதாமல் ‘1945-க்குப் பின், ஆக்கிரமிப்புக் காலம்’ என்று எழுதுவதே சரி.

ஆரியும் ஜரிகையும்

நம் வாசகர்களுக்கு இயல்பாகவே கண் பழகிய பகுதி இது. இந்தியாவில் செய்த சின்னங்களில் பலவற்றில் சங்கிலித் தையல் இருக்கும். ஆரி ஊசி கொக்கி போன்றது. துணிக்கு அடியிலிருந்து நூலை மேலே இழுத்து, ஒரு கண்ணிக்குள் அடுத்த கண்ணியாகக் கோத்துப் போகும். முன்பக்கம் சங்கிலி, பின்பக்கம் நேர்க்கோட்டுத் தையல். கல்யாண ரவிக்கையைத் திருப்பிப் பார்த்த யாருக்கும் இது தெரியும்.

சங்கிலித் தையல் என்றதுமே கைவேலை என்று முடிவு கட்ட வேண்டாம். கோர்னெலி என்ற பிரெஞ்சு மெஷினும் சங்கிலித் தையல் போடும். கையால் போட்டதில் கண்ணிகளின் நீளம் மாறும். வளைவுகளில் குறுகும், நேரான இடத்தில் நீளும். மெஷின் போட்டதில் வளைவிலும் கண்ணிகள் பெரும்பாலும் ஒரே அளவு. கைவேலையில் ஒரே தையல்காரர் செய்த இரண்டு சின்னங்களே கூட ஒத்துப்போகாது. பூனையின் வால் ஒன்றில் உயர்ந்திருக்கும், இன்னொன்றில் சுருண்டிருக்கும். ஒரே விற்பனையாளரிடம் 10 கைவேலைச் சின்னங்கள் இருந்து, 10-லும் வால் ஒரே கோணத்தில் இருந்தால் நிதானியுங்கள்.

அதிகாரிகள் காசு கொடுத்துச் செய்துகொண்ட ஜரிகை வேலை தனி. சுருள் கம்பியைச் சின்னச் சின்னதாக நறுக்கி, ஊசியில் மணி மாதிரி கோத்துத் தைப்பது, சர்தோசி. செம்புக் கம்பியின் மேல் வெள்ளி அல்லது பொன் முலாம். காலப்போக்கில் முலாம் கறுக்கும். செம்பு வெளிப்பட்ட இடத்தில் பச்சைக் களிம்பு ஏறும். இங்கே கவனிக்க வேண்டியது கறுப்பின் பரவல். உராய்வு படும் மேடுகளில் கம்பி கொஞ்சம் வெளிறியும், சுருளின் இடுக்குகளில் கறுத்தும் இருப்பது இயல்பு. ரசாயனத்தில் நனைத்துக் கறுக்க வைத்ததில் மேடும் பள்ளமும் ஒரே கறுப்பு. சுற்றியுள்ள துணியிலும் கறை பரவியிருக்கும். சீனா, பர்மா, இந்தியா போர் அரங்கில் இருந்த அமெரிக்கர்களும் தங்கள் சின்னத்தை இந்திய ஜரிகையில் செய்துகொண்டார்கள். சிவப்பு வெள்ளைப் பட்டைகளுக்கு மேல் சீனச் சூரியனும் இந்திய நட்சத்திரமும் உள்ள அந்தச் சின்னத்தைத் தோலில் செய்ததும் உண்டு.

வெப்ப நாட்டுக்கே உரிய இன்னொரு தடயம்: முதுகில் பிரஸ் பட்டன், கொக்கி, அல்லது நூல் வளையம். காக்கிச் சட்டை அடிக்கடி வெளுக்கப் போகும். கம்பளிச் சின்னத்தை அதோடு கல்லில் அடித்தால் சாயம் ஒழுகும். அதனால் கழற்றி மாட்டும்படி செய்தார்கள். பட்டனைச் சுற்றித் துரு துணிக்குள் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். துரு ஏறிய பழைய பட்டனைப் புதுத் துணியில் தைத்து விற்பதும் நடக்கிறது. அப்போது பட்டனில் துரு இருக்கும், அடியில் உள்ள துணி சுத்தமாக இருக்கும்.

படை எங்கே இருந்தது?

பொருள் சொல்வதை வரலாறு ஒப்புக்கொள்ள வேண்டும். 4-வது இந்திய டிவிஷன் வட ஆப்பிரிக்காவில் போரிட்டு, பிறகு இத்தாலிக்குப் போனது. அதன் சிவப்புக் கழுகு கெய்ரோ கடைத்தெரு வேலையாகவோ, பளபளக்கும் ரேயான் நூலில் நுணுக்கமாகப் பின்னிய இத்தாலிய வேலையாகவோ கிடைத்தால் பொருந்துகிறது. 17-வது டிவிஷனோ 1942 முதல் 1945 வரை பர்மாவையும் இந்தியாவையும் விட்டு நகரவில்லை. அதன் கறுப்புப் பூனையை ‘இத்தாலியில் செய்தது’ என்று ஒருவர் விற்றால், இத்தாலியில் அதை யார் கேட்டு வாங்கியிருப்பார்கள்?

வானிலிருந்து குதிக்கும் படைகளின் சின்னம் இன்னொரு பாடம். அரக்குச் சிவப்பில் வெளிர் நீலச் சிறகுக் குதிரையும் வீரனும்; 1942-ல் ஓவியர் எட்வர்ட் சீகோ வரைந்தது. அதையே 44-வது இந்திய ஏர்போர்ன் டிவிஷனும் அணிந்தது, கீழே ‘இந்தியா’ என்ற சொல்லோடு. அந்தச் சொல் இல்லாததை இந்திய டிவிஷனுடையது என்று எழுத வேறு ஆதாரம் வேண்டும். இதுவே போலிகள் அதிகம் உள்ள சின்னங்களில் ஒன்று என்பதால் முதல் ஆறு மாதம் இதை வாங்காமல் இருப்பது நல்லது.

அம்பு முத்திரைகளும் நாட்டைச் சொல்லும். அகன்ற அம்புக்குறி பிரிட்டிஷ் அரசுச் சொத்துக்கு. ‘சி’ எழுத்துக்குள் அம்பு இருந்தால் கனடா, ‘யு’ எழுத்துக்குள் இருந்தால் தென்னாப்பிரிக்கா, இருபுறமும் ‘டி’ எழுத்து நிற்க நடுவே அம்பு இருந்தால் ஆஸ்திரேலியா. ஆனால் ரப்பர் ஸ்டாம்ப் செய்வது எளிது. முத்திரையின் மை தேய்மானத்துக்கு அடியில் இருக்கிறதா, மேலே இருக்கிறதா என்று பாருங்கள். அழுக்குக்கும் பழைய தையல் துளைக்கும் மேலே மை புதிதாகப் படிந்திருந்தால், முத்திரை துணியைவிட இளையது.

நெருப்பும் புற ஊதாவும்

நெருப்புச் சோதனையைச் சின்னத்தில் நேராகச் செய்யக் கூடாது. முதுகில் ஏற்கெனவே பிரிந்து தொங்கும் நூலில் 1 சென்டிமீட்டர் வெட்டி, ட்வீசரில் பிடித்து, ஒரு தட்டின் மேல் வைத்துக் கொளுத்துங்கள். பருத்தியும் ரேயானும் காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, ஊதினால் பறக்கும் சாம்பலாகும். கம்பளியும் பட்டும் முடி கருகும் நாற்றம். கறுப்பு உருண்டை விரலில் நசுங்கும். பாலியஸ்டர் உருகும், சுருங்கும், ஆறியதும் நசுங்காத கெட்டி மணியாகும்.

பாலியஸ்டர் என்றால் போர்க்காலம் இல்லை என்று சொல்லலாம். அந்த இழையைக் கண்டுபிடித்தவர்கள் வின்ஃபீல்டும் டிக்சனும், ஆண்டு 1941. அவர்கள் வேலை பார்த்த இடம் சின்னங்களில் பெயர் வருகிற அதே காலிகோ பிரிண்டர்ஸ் அசோசியேஷன்தான். ஆனால் ஆய்வகத்தில் பிறந்த இழை, நூலாகிக் கடைக்கு வந்தது போர் முடிந்து சில ஆண்டுகள் கழித்தே. தைத்த நூல் மட்டும் பாலியஸ்டராக இருந்தால் யோசியுங்கள்: பழைய சின்னத்தைப் பிற்பாடு யாரோ வேறு துணியில் தைத்திருக்கலாம். சின்னத்தின் உடம்பிலிருந்து வந்த நூலா, அதை ஒட்டவைத்த நூலா என்பதைப் பிரித்துப் பார்த்த பிறகே முடிவு சொல்லுங்கள்.

புற ஊதா டார்ச்சை இருட்டறையில் அடியுங்கள். வெள்ளை நூல் நீல வெள்ளையாகப் பளீரென்று ஒளிர்ந்தால், வெண்மையூட்டும் ரசாயனம் இருக்கிறது. துணியிலும் சலவைத் தூளிலும் அது பரவலானது 1950-களிலிருந்து. இது இரண்டு பக்கமும் ஏமாற்றும். 1944-ல் தைத்த அசல் சின்னத்தை 1980-ல் பாட்டி சலவைத் தூள் போட்டுத் துவைத்திருந்தால் அதுவும் ஒளிரும். வெண்மையூட்டாத நூலில் இன்று செய்த போலி இருட்டாகவே இருக்கும். எங்கே ஒளிர்கிறது என்று பாருங்கள். துவைத்ததில் ஒளி எல்லா நிறத்திலும் மங்கலாக, திட்டுத் திட்டாகப் பரவியிருக்கும். ஒரே ஒரு நூல் மட்டும், முழு நீளத்துக்கும் ஒரே அளவில் எரிந்தால் அந்த நூலே பிந்தியது.

ஒன்றை முழுதாகப் பார்ப்போம்

1943-ல் உருவான 14-வது ஆர்மியின் சின்னம் ஒன்று: சிவப்பும் கறுப்புமான கேடயம், நடுவே கீழ்நோக்கிய வெள்ளை வாள், கைப்பிடியில் ரோமன் எண்ணில் 14. திருப்பினால் முரட்டுப் பருத்தி அடித்துணி, அதில் நேர்க்கோட்டுத் தையல், முன்னால் சங்கிலி. வளைவுகளில் கண்ணிகள் குறுகுகின்றன, ஆகவே கை ஆரி. சிவப்பு நெய்த கம்பளி. ஓரத்தில் பூச்சி தின்ற இரண்டு குழிகள் கம்பளியில் மட்டும், பருத்தி நூலில் இல்லை. இயல்பு. அந்தப் பூச்சி கம்பளியைத் தின்னும், பருத்தியை விட்டுவிடும். ஓரத்தில் சீரற்ற தையல் துளைகள், இரண்டு துளைகளில் காக்கி நூல் மிச்சம். தளர்ந்த நூல் எரிந்து சாம்பலானது. புற ஊதாவில் ஒளிர்வு இல்லை. இந்த ஆர்மி இயங்கிய இடம் பர்மாவும் கிழக்கிந்தியாவும்.

எல்லாச் சாட்சிகளும் ஒரே பக்கம் நிற்கின்றன. உறையின் மேல் இப்படி எழுதலாம்: ‘14-வது ஆர்மி. கை ஆரி, கம்பளி மேல், பருத்தி அடித்துணி. இந்திய வேலை. 1943–45, பெரும்பாலும்.’ அந்தக் கடைசிச் சொல்லை விடாதீர்கள். எந்த ஊர், எந்தக் கடை என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லாமல் ஊர்ப்பெயர் எழுதவும் வேண்டாம். சின்னம் யாருடையது என்று குடும்பத்துக்குத் தெரிந்தால், அவர் பெயர், பணியாற்றிய கம்பெனி, கிடைத்த பெட்டி எல்லாவற்றையும் அதே உறையில் எழுதிவையுங்கள்; அந்த விவரத்தை எந்த லென்ஸும் திரும்பக் கண்டுபிடிக்காது.

துவைக்க வேண்டாம், இஸ்திரி போட வேண்டாம், லேமினேஷன் வேண்டவே வேண்டாம். துளைகளில் மிஞ்சியிருக்கும் காக்கி நூலைச் சுத்தம் செய்கிறேன் என்று பிடுங்கி எறியாதீர்கள். அது ஒரு சட்டைக் கையில் இருந்தது என்பதற்கு மீதமிருக்கும் சாட்சி அந்த நூல்.